ஒற்றைக் கோடு இரட்டைக் கோடான கதை: லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் ஓர் எளிய விளக்கம்

பின்சக்கர இயக்கமும் வலுவான எஞ்சினும் கொண்ட ஒரு செடான் காரைக் குறுகிய வளைவிலிருந்து இரண்டாவது கியரில் வெளியே கொண்டுவரும்போது, ஆக்சிலரேட்டரைச் சற்று முன்கூட்டியே மிதித்துவிட்டால் என்ன நடக்கும் என்பது அத்தகைய காரை ஓட்டியவர்களுக்குத் தெரியும். எஞ்சின் திடீரென்று உறுமும், டாஷ்போர்டில் சக்கரம் வழுக்குவதை எச்சரிக்கும் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கும், ஆனால் கார் அந்த உறுமலுக்கு ஏற்ற வேகத்தில் முன்னேறாது. இறங்கிப் பார்த்தால் தார்ச்சாலையில் ஒரே ஒரு கறுப்புக் கோடு இருக்கும். வளைவின் உட்பக்கம் இருந்த பின்சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழன்று ரப்பரைத் தேய்த்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. என் காரில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்.எஸ்.டி., பொருத்திய பிறகு அதே போன்ற வளைவில் அதே அளவு மிதித்தபோது விளக்கு மினுக்கவில்லை. கார் முதுகைப் பிடித்துத் தள்ளியதுபோல் வெளியேறியது. இன்னும் கூடுதலாக மிதித்தபோது சாலையில் விழுந்தவை இரண்டு கோடுகள். ஒன்று எப்படி இரண்டாயிற்று, அதனால் ஓட்டுநருக்குக் கிடைப்பது என்ன, கைவிட்டுப் போவது என்ன என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில், டிஃபரன்ஷியல் என்ற பாகம் எதற்காக இருக்கிறது என்று பார்ப்போம். கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட நீண்ட பாதையில் செல்கிறது. இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் இருப்பதாகக் கொண்டால், ஒரு முழு யூ திருப்பத்தில் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 4.7 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். திருப்பம் அகலமானதா குறுகியதா என்பதைப் பொறுத்து இந்த வித்தியாசம் மாறுவதே இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். இரண்டு அரைவட்டங்களின் நீளத்தைக் கழித்துப் பார்த்தால் ஆரம் அடிபட்டுப் போய், சக்கர இடைவெளியை 3.14-ஆல் பெருக்கிய தொகை மட்டுமே மிஞ்சும். சாதாரணக் கார் டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்பதால், ஒவ்வொரு யூ திருப்பத்திலும் வெளிச்சக்கரம் இரண்டு சுற்றுக்கும் மேலாகக் கூடுதலாகச் சுழல்கிறது. இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் இந்தக் கூடுதல் சுற்றுகளுக்கு இடம் இருக்காது. ஏதாவது ஒரு டயர் சாலையில் தேய்ந்தாக வேண்டும். பந்தய கோ-கார்ட்டுகளில் பின்தண்டு அப்படித்தான் ஒரே உருட்டாக இருக்கிறது. திரும்பும்போது உட்பக்கப் பின்சக்கரம் தரையிலிருந்து சற்றே எழும்படி அவற்றின் ஸ்டியரிங் அமைப்பு வடிவமைக்கப்பட்டிருப்பதால்தான் அவை திரும்பவே முடிகிறது.

காருக்கு அந்த வித்தை பொருந்தாது. அதனால், எஞ்சினின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் கொடுக்க வேண்டும், அதே வேளையில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் அனுமதிக்க வேண்டும் என்ற இரட்டைத் தேவையை டிஃபரன்ஷியல் நிறைவேற்றுகிறது. பிரான்ஸ் நாட்டின் ஒனெசிஃபோர் பெக்கர் 1820-களின் இறுதியில் ஒரு நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார்; இன்றைய கார்களில் இருப்பதும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையில் உள்ள பினியன் என்ற சிறிய பற்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுன் வீலோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள் சிறிய ஸ்பைடர் பினியன்கள் இருக்கின்றன. அவற்றின் இருபுறமும் பல் கோத்திருக்கும் சைடு கியர்கள் ஒவ்வொன்றும் ஒரு சக்கரத்தோடு இணைந்திருக்கின்றன.

இந்த ஸ்பைடர் பினியனை ஒரு தராசுக் கோலாக நினைத்துக்கொள்வது எளிது. கோலின் நடுவைப் பிடித்துத் தூக்குகிறோம். இரண்டு தட்டிலும் சமமான பாரம் இருந்தால் இரண்டும் ஒன்றாக எழும். ஒரு தட்டில் பாரமே இல்லையென்றால், எவ்வளவு பலமாகத் தூக்கினாலும் அந்த வெற்றுத் தட்டுதான் மேலே பறக்கும். பாரமுள்ள தட்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும். டிஃபரன்ஷியலும் அப்படியே. வேகத்தில் அது தாராளமாக விட்டுக்கொடுக்கும். ஒரு சக்கரம் நின்றுவிட்டால் மற்றொன்று கிரவுன் வீலைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும். ஆனால் முறுக்குவிசையை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசையை, எப்போதும் சரிபாதியாகவே பிரிக்கும். எனவே பிடிமானம் குறைந்த சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்குமோ, அதே அளவுதான் பிடிமானம் மிகுந்த சக்கரத்துக்கும் போய்ச் சேரும். சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சிக்கிய கார் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இந்த நியாயமான சரிபாதிப் பங்கீடுதான்.

வளைவில் சேறு கிடையாது. அங்கே பிடிமானத்தை இடம் மாற்றுவது காரின் எடை. ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 1,600 கிலோ எடையுள்ள காரில், புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் 400 கிலோவைத் தாங்குகின்றன என்று கொள்வோம். புவியீர்ப்பு விசையின் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்குப் பக்கவாட்டு விசை எழும்படி வேகமாகத் திரும்பினால், உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு ஏறத்தாழ 430 கிலோ மாறும். அதில் பாதி பின்பக்கத்துக்கு உரியது என்று வைத்தால், உட்பக்கப் பின்சக்கரத்தின் மீது 187 கிலோவும் வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் மீது 613 கிலோவும் இருக்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இந்த 187 கிலோவை அளவுகோலாக வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் அதே அளவு விசையையே கொடுக்கிறது. மொத்தம் 374 கிலோவுக்கு உரிய உந்துவிசைதான் கிடைக்கும். வெளிச்சக்கரத்தின் மீதுள்ள மிச்சப் பாரம், உந்துவதைப் பொறுத்தவரை, பயனில்லாமல் இருக்கிறது. டயரின் பிடிமானத்தில் ஒரு பகுதி பக்கவாட்டு விசைக்கே செலவாகிவிடும் என்பதையும் கணக்கில் எடுத்தால் எண்கள் மாறும்; ஆனால் யார் யாரைத் தடுக்கிறார் என்ற உறவு மாறாது.

எல்.எஸ்.டி. செய்வது, இந்தச் சரிபாதிப் பங்கீட்டை ஓர் எல்லைக்குள் மீறுவது. இரண்டு சைடு கியர்களுக்கும் இடையே வேக வித்தியாசம் எழும்போது அதை உராய்வினால் எதிர்த்து, வேகமாகச் சுழலும் சக்கரத்திடமிருந்து மெதுவாகச் சுழலும் சக்கரத்துக்கு விசையைக் கடத்துகிறது. அந்தக் கடத்தல் 2.5 மடங்கு வரை இயலும் என்றால், மேலே சொன்ன காரில் உட்சக்கரத்துக்கு 187, வெளிச்சக்கரத்துக்கு 467, ஆக மொத்தம் 654 கிலோ அளவுக்கு உந்த முடியும். எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடவில்லை. வீணாகிக்கொண்டிருந்தது பயனுக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

1930-களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் நிறுவனத்தின் பந்தயக் கார்களில் இதே சிக்கல் பெரிதாக எழுந்தது. ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த அந்தக் கார்களின் எஞ்சின் வலு, அக்காலத்தின் ஒல்லியான டயர்களுக்கு அளவுக்கு மீறியதாக இருந்தது. வளைவை விட்டு வெளியேறும்போது உட்சக்கரம் சுழன்று ரப்பரை எரித்தது. அதற்கு மாற்றாக ஒரு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் செய்து தருமாறு போர்ஷே தரப்பு கேட்டுக்கொண்டது ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தை.

இன்று கடையில் கிடைப்பவற்றில் இரண்டு வகைகள்தான் தொடக்கநிலையில் உள்ளவர் கவனிக்கத்தக்கவை. முதலாவது கிளட்ச் தகடு வகை. இதில் ஸ்பைடர் பினியன்களைத் தாங்கும் குறுக்குத் தண்டு, இரண்டு அழுத்த வளையங்களில் வெட்டப்பட்ட சாய்வான பள்ளங்களுக்குள் உட்கார்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்து முறுக்குவிசை வந்ததும் அந்தத் தண்டு சரிவில் ஏற முயன்று வளையங்களை இருபுறமும் விலக்கித் தள்ளும். அவை பின்னால் அடுக்கப்பட்ட கிளட்ச் தகடுகளை நெருக்கும். எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு நெருக்கம். பள்ளத்தின் சரிவு முன்பக்கம் மட்டும் வெட்டப்பட்டிருந்தால் மிதிக்கும்போது மட்டுமே பூட்டும், அதாவது தகடுகளின் உராய்வு இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும். இதை 1 வழி என்பார்கள். காலை எடுக்கும்போதும் அதே அளவு பூட்டினால் 2 வழி. காலை எடுக்கும்போது குறைவாகப் பூட்டினால் 1.5 வழி. இவை போக, மிதிக்காத நிலையிலும் தகடுகளைச் சற்றே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் அழுத்தமும் உண்டு. அதற்குப் பிரீலோடு என்று பெயர்.

இரண்டாவது, ஹெலிக்கல் பற்சக்கர வகை. 1958-இல் வெர்னன் கிளீஸ்மன் காப்புரிமை பெற்ற டார்சன் இந்தக் குடும்பத்தின் புகழ்பெற்ற மூத்தவர். இதில் தகடுகள் இல்லை. சாய்வாக வெட்டப்பட்ட பற்கள் விசைக்கு உட்படும்போது கூட்டின் சுவரை அழுத்தி உராய்வை உண்டாக்குகின்றன. சத்தமில்லை, தேய்மானம் மிகக் குறைவு, தினசரி ஓட்டத்தில் இருப்பதே தெரியாது. ஆனால் இது பெருக்கல் கணக்கில் இயங்குவது. பிடிமானம் குறைந்த சக்கரம் தாங்கும் விசையை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்கி மறுபக்கம் தரும். அந்தச் சக்கரம் தரையை விட்டே எழுந்துவிட்டால், பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். சிலிக்கோன் திரவத்தால் இயங்கும் விஸ்கஸ் வகையும், கணினி கட்டுப்படுத்தும் கிளட்ச் கொண்ட மின்னணு வகையும் உண்டு. முன்னது மெதுவாக விழித்துக்கொள்வது, பின்னது பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே பொருத்தி வருவது.

பல கார்களில் பிரேக்கைக் கொண்டே இந்த வேலையைச் செய்கிறார்களே, பிறகு எதற்கு இது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் இ90 தலைமுறை 335ஐ (335i) காரைச் சாதாரண டிஃபரன்ஷியலோடு விற்றது. சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நிறுத்தும் மென்பொருளை அதற்குத் துணையாக வைத்தது. அதே தலைமுறையின் எம்3-க்கு மட்டும் இயந்திரப் பூட்டு கொடுத்தது. பிரேக் முறையில், தராசின் வெற்றுத் தட்டில் ஒரு கல்லை வைக்கிறோம். கோல் சமநிலைக்கு வந்து மறுதட்டும் எழுகிறது. ஆனால் அந்தக் கல்லையும் சேர்த்துத் தூக்குவது எஞ்சின்தான். அந்தச் சக்தி பிரேக் தகட்டில் சூடாகிப் போய்விடுகிறது. மழைக்காலச் சாலைக்கும் அன்றாடப் பயணத்துக்கும் அது போதும் என்பதே என் கருத்து. மீண்டும் மீண்டும் வளைவுகளில் முடுக்கி ஓட்டுபவர் மட்டுமே அதன் போதாமையை உணர்வார்.

நான் தேர்ந்தெடுத்தது 1.5 வழி கிளட்ச் வகை. பொருத்தும் வேலை, வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பதைவிட நுட்பமானது. பழைய கூட்டிலிருந்து கிரவுன் வீலைக் கழற்றிப் புதிய கூட்டில் மாட்டும்போது, பினியனுக்கும் கிரவுன் வீலுக்கும் இடையேயான பல் இடைவெளியை மில்லிமீட்டரின் பத்தில் ஓரிரு பங்கு அளவில் சரிசெய்ய வேண்டும். மெக்கானிக் பற்களின் மீது மஞ்சள் சாயம் தடவி, கையால் சுழற்றி, சாயம் எங்கே அழிகிறது என்று பார்த்தார். பல்லின் ஓரத்தில் அழிந்தது. இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்றினார், மறுபடி தடவினார், மறுபடி சுழற்றினார். பல்லின் நடுவில் நீள்வட்டமாக அழியும் வரை அரை நாள் போயிற்று. இந்தப் பொறுமை இல்லாதவரிடம் கொடுத்தால் குறிப்பிட்ட வேகங்களில் பின்பக்கத்திலிருந்து ஓயாத ஊளைச் சத்தம் கேட்கும்.

வேலை முடிந்ததைச் சோதிக்க அவர் செய்து காட்டியது எவரும் செய்து பார்க்கக்கூடியது. இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காரைக் கியரில் போட்டு, ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். பழைய டிஃபரன்ஷியலில் மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுலபமாகச் சுழன்றது. புதியதில் இரு கையாலும் பிடித்துத் தம் கட்டினாலும் சக்கரம் அசைய மறுத்தது. அந்த எதிர்ப்புதான் பிரீலோடு.

புதிய தகடுகள் ஒன்றோடொன்று பழக வேண்டும் என்பதற்காக, வெற்று மைதானத்தில் எட்டு வடிவத்தில் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டினேன். முழுதாக ஸ்டியரிங்கை ஒடித்தபோதெல்லாம் பின்பக்கத்திலிருந்து ‘டக், டக்’ என்று தகடுகள் பிடித்து விடும் ஓசை வந்தது. பழகிய பின் ஆயிலை வடித்தபோது அது சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது. தகடுகளின் முதல் தேய்மானத் துகள்கள் அவை. எல்.எஸ்.டி.க்கு உரிய கியர் ஆயிலில் உராய்வைச் சீராக்கும் கலவை ஒன்று சேர்ந்திருக்கும். அது இல்லாத ஆயிலை ஊற்றினால் இந்த ஓசை நிரந்தரமாகிவிடும். உரிய ஆயிலோடும், வண்டி நிறுத்துமிடத்தில் திருப்பும்போது அந்தச் சத்தம் இலேசாக இருக்கத்தான் செய்கிறது. உடன் வருபவர்கள் கார் பழுதாகிவிட்டதோ என்று கேட்பதற்கு ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி ஓட்டத்துக்கு வருவோம். நேர்சாலையில் எந்த மாற்றமும் தெரியவில்லை, தெரியவும் கூடாது. முதல் வித்தியாசம், எதிர்பாராத விதமாக, வளைவின் தொடக்கத்தில் தென்பட்டது. மெதுவான, குறுகிய திருப்பத்தில் கார் முன்பைவிடச் சற்றுத் தயங்குகிறது. மூக்கு வெளிப்பக்கமாகப் போகப் பார்க்கிறது. அண்டர்ஸ்டியர் என்று இதைச் சொல்வார்கள். இரண்டு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல விரும்பும்போது அவை காரை நேராகத் தள்ளும் என்பதால் இது இயல்பே. எனவே பழைய பழக்கப்படி வேகமாக நுழைந்து பிறகு சமாளிப்பது இங்கே உதவாது. நுழைவில் சற்றுப் பொறுமையாக இருந்து, காரின் மூக்கு திரும்பிய பிறகு மிதிப்பதே பலன் தருகிறது. பூட்டு 1.5 வழி என்பதால், கடினமாகப் பிரேக் பிடித்தபடி வளைவை நெருங்கும்போது பின்பக்கம் முன்போல் அலைபாயவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் அன்றாட ஓட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இதுதான்.

வெளியேறும் கட்டம்தான் இந்தப் பாகத்தின் களம். முன்பு ஸ்டியரிங் பெரும்பாலும் நேரான பிறகே முழுதாக மிதிக்க முடியும். இப்போது வளைவின் நடுப்பகுதியைத் தாண்டியதுமே மிதிக்கலாம். மிதித்தவுடன் பின்பக்கம் சற்றே அமர்ந்து, வெளிச்சக்கரம் சாலையைக் கவ்வுவதை இருக்கையின் வழியாக இடுப்பு உணர்கிறது. அதோடு, வெளிச்சக்கரத்தின் உந்துதல் அதிகமாக இருப்பதால் காரே வளைவின் உட்பக்கமாகத் திரும்ப உதவுகிறது. தொடக்கத்தில் நேராகத் தள்ளிய அதே பாகம் முடிவில் திருப்பத்துக்குத் துணை நிற்கிறது. இந்த முரண் கைக்குப் பழகச் சில வாரங்கள் ஆயின.

ஆனால் கைவிட்டுப்போன ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. டயரின் பிடிமானம் ஒரே பையில் உள்ள பணம் போன்றது. முன்னோக்கி உந்தச் செலவழித்தது போக மிச்சம்தான் பக்கவாட்டில் காரைத் தாங்கும். முன்பு நான் அளவு மீறியபோது உட்சக்கரம் மட்டும் சுழன்று எஞ்சினின் மிகுதிச் சக்தியை வீணாக்கியது. பாரம் மிகுந்த வெளிச்சக்கரம் தன் பங்கைப் பத்திரமாக வைத்திருந்ததால் கார் வழுக்கவில்லை. எரிச்சலூட்டிய அந்தச் சுழற்சி உண்மையில் ஓர் எச்சரிக்கை மணி. இப்போது அந்த மணி இல்லை. எல்லையை மீறும்போது இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே பிடியை இழக்கின்றன. மழை தூறிய ஒரு மாலையில், நடைவேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில், ஒரு திருப்பத்தில் விரல் அளவு கூடுதலாக மிதித்தேன். கதவு கீலில் திரும்புவதுபோல் காரின் பின்பக்கம் பக்கவாட்டில் விலகியது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிக் காலை இலேசாகத் தளர்த்தியதும் சீராகத் திரும்பி வந்தது. வழுக்கல் மெதுவாகவும் முன்கூட்டியே கணிக்கக்கூடியதாகவும் இருந்தது உண்மைதான். ஆயினும் பழைய டிஃபரன்ஷியலில் அந்த வேகத்தில் அது நடந்தே இருக்காது. காரின் நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பை அணைத்துவிட்டு ஓட்டுவதற்கான உரிமம் அல்ல எல்.எஸ்.டி.; ஈரச் சாலையில் அந்த அமைப்பின் தேவை முன்பைவிடக் கூடுகிறது என்றே சொல்வேன்.

சாலையின் ஒரு பக்கம் மணலோ ஈரமோ இருக்கும்போதும் இதே போன்ற ஒரு குணம் தெரியும். முன்பு கார் நேராக, ஆனால் மந்தமாகக் கிளம்பும். இப்போது விசையோடு கிளம்புகிறது, அதே சமயம் பிடிமானம் குறைந்த பக்கமாக மூக்கைத் திருப்பப் பார்க்கிறது. ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பிடித்திருப்பது நல்லது. முன்சக்கர இயக்கக் கார்களில் இந்த இழுப்பு நேரடியாக ஸ்டியரிங்கிலேயே வந்து சேரும் என்பதால், அவற்றுக்குச் சுமுகமாக இயங்கும் ஹெலிக்கல் வகையே பெரும்பாலும் பொருத்தமானது. ஹோண்டாவின் இன்டெக்ரா டைப் ஆர் அதைத்தான் கொண்டிருந்தது.

பராமரிப்பில் மறக்கக்கூடாதவை இரண்டு. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு எஞ்சினைக் கியரில் ஓட விடக்கூடாது. சாதாரண டிஃபரன்ஷியலில் தூக்கிய சக்கரம் மட்டும் சுழலும். இதில் தரையில் உள்ள சக்கரமும் உந்தி, காரை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். அடுத்தது, இரண்டு பின் டயர்களும் ஒரே அளவிலும் ஏறத்தாழ ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். அளவு வேறுபட்டால் நேர்சாலையில்கூடத் தகடுகள் ஓயாமல் ஒன்றையொன்று உரசித் தேய்ந்துகொண்டிருக்கும். பின் டயர் பஞ்சராகி, கையிலிருப்பது சிறிய அவசர டயர் மட்டுமே என்றால், நான்கு டயர்களும் ஒரே அளவாக உள்ள காரில் ஒரு முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் மாட்டி, சிறியதை முன்னால் போட்டுக்கொள்ளலாம். மழையில் குனிந்து இரண்டு சக்கரங்களைக் கழற்றுவது சலிப்பான வேலைதான். அரை நாள் மஞ்சள் சாயம் தடவிச் சரிசெய்த கூட்டை மறுபடி திறப்பதைவிட அது எளிது.